ஹெட்லைட்டுக்குள் ஈரம்: மூச்சா, ஒழுகலா?

லாரியின் ஹெட்லைட்டுக்குள் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்தவுடன் சிலிக்கான் டியூபைத் தேடிப் போகாதீர்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஏதாவது ஓர் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கோரிக்கை காதில் விழும்: "அண்ணே, சுத்தி எங்கயும் காத்து போகாத மாதிரி அடைச்சு விட்டுடுங்க." கடைக்காரரும் அடைத்துக் கொடுப்பார். அடுத்த மழைக்கு அதே வண்டி திரும்ப வரும். இந்த முறை பனிப்படலத்துக்குப் பதிலாகத் தண்ணீரே உள்ளே தேங்கியிருக்கும். ஓட்டுநர் சிலிக்கானைக் குறை சொல்வார். ஆனால் கோளாறு சிலிக்கானில் இல்லை, ஹெட்லைட்டைக் காற்றுப் புகாத பெட்டி என்று நினைத்ததில் இருக்கிறது. காற்று உள்ளே போகவும் வெளியே வரவும் வழி வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

வழி ஏன் வேண்டும்? 24 வோல்ட் லாரிகளில் பரவலாக இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பு பிரைட்டில் 75 வாட், டிம்மில் 70 வாட் இழுக்கும். அதில் வெளிச்சமாவது சிறு பங்கு, மீதியெல்லாம் சூடு. டூமுக்குள், அதாவது லென்ஸும் பின்கூடும் சேர்ந்த ஹெட்லைட் பெட்டிக்குள், ஐந்து லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 30 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விரியும். முக்கால் லிட்டருக்கு மேல் காற்று வெளியேற இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் அந்த அழுத்தம் முழுவதும் முன்பக்க லென்ஸையும் பின்கூட்டையும் பிடித்துவைத்திருக்கும் பசையின் மேல் விழும். ஒவ்வொரு ராத்திரி ஓட்டத்திலும் விழும்.

அதைவிட மோசம் விளக்கை அணைத்த பிறகு நடப்பது. சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரும். காற்றுவழி திறந்திருந்தால் காற்றை இழுக்கும். அதை அடைத்துவிட்டால், மயிரிழை அளவு விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே இழுக்கும். மழை நேரத்தில் அந்த விரிசலின் மேல் தண்ணீர் நின்றிருக்கும். ஆகவே உள்ளே போவது தண்ணீர்தான். இரவெல்லாம் ஓடிவந்த வண்டியை விளக்குச் சூடு ஆறுவதற்குள் வாட்டர் சர்வீஸில் விட்டு, முகப்பில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினாலும் இதுதான் நடக்கும். சரியாக மூச்சுவிடும் ஹெட்லைட்டில் சின்ன விரிசல் இருந்தால்கூடப் பல நாள் தாக்குப்பிடிக்கும். மூச்சை அடைத்த ஹெட்லைட்டில் அதே விரிசல் தண்ணீரை உறிஞ்சும் குழாயாகிவிடுகிறது.

மலை ஏறும் வண்டிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டரில். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றப் போகும் லாரி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேர்வதற்குள் அதன் ஒவ்வொரு ஹெட்லைட்டும் ஒரு லிட்டர் காற்றையாவது வெளியே விட்டிருக்கும். இறங்கும்போது அதே அளவு காற்றை, வழியில் இருக்கும் மூடுபனியின் ஈரத்தோடு சேர்த்து, திரும்ப இழுத்துக்கொள்ளும். பட்டப்பகலில், பல்பே எரியாமல் போய்வந்தாலும் இது நடக்கும்.

காற்றுவழியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பல லாரிகளில் பின்கூட்டின் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் குழாய் கீழ்நோக்கி வளைந்து தொங்கும். வளைத்திருப்பதே தெறிக்கும் தண்ணீர் நேராக ஏறாமல் இருக்கத்தான். புதிய மாடல்களில் குழாய்க்குப் பதில் சின்னத் தொப்பி போன்ற மூடியோ, நாணயம் அளவுக்கு ஒட்டிய மெல்லிய வில்லையோ இருக்கும். அந்த வில்லை, டெஃப்லானை வேகமாக இழுத்து விரித்துச் செய்த சவ்வு. இப்படி விரிக்கலாம் என்பதை அமெரிக்காவின் பாப் கோர் 1969இல் கண்டுபிடித்தார். மழைக்கோட்டுக்குள் வைத்துத் தைக்கும் சவ்வும் அதே பொருள்தான். அதன் நுண்துளைகளில் நீராவியும் காற்றும் நுழையும், தண்ணீர்ச் சொட்டு நுழையாது. இது தெரியாமல் ஏதோ கம்பெனி ஸ்டிக்கர் என்று உரித்துப் போடுகிறவர்கள் உண்டு. பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலேயே ஸ்ப்ரே பண்ணி விடுகிறவர்களும் உண்டு. ரப்பர் குழாயை மனிதர் மட்டுமல்ல, குளவியும் அடைக்கும். சில வாரம் ஓடாமல் நின்ற வண்டியில் குழாய்க்குள் மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்கள்வரை போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு இந்தத் தொல்லை மற்ற வண்டிகளைவிட அதிகம். பாறைத் தூளும் சேறும் தெறித்துக்கொண்டே இருக்கும் வேலை. அந்தச் சேறு காய்ந்து காற்றுவழியின் வாயில் இறுகினால், யாரும் சிலிக்கான் வைக்காமலேயே ஹெட்லைட் அடைபட்டுவிடும்.

மூன்று சொட்டுக் கணக்கு

உள்ளே தெரிவது மூச்சால் வந்த பனிப்படலமா, ஒழுகி வந்த தண்ணீரா என்பதைப் பிரித்தறிவதுதான் பாதி வேலை. அதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 20 டிகிரியில் அது சுமார் 17 கிராமாகக் குறையும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். காற்று குளிரக் குளிர, சுமக்க முடியாத மீதி நீர், அருகில் எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் படியும். மழையில் ஓடும் லாரியில் முன்கண்ணாடி உள்பக்கம் வேர்ப்பது இதனால்தான். ஹெட்லைட்டில் மிகக் குளிர்ந்த இடம் எதிர்காற்று அடிக்கும் லென்ஸ்.

இப்போது ஐந்து லிட்டருக்கு வருவோம். அது ஒரு கன மீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. சென்னைத் துறைமுகத்து மழைக்காலக் காற்று முழு ஈரத்தோடு 30 டிகிரியில் உள்ளே நிறைந்திருந்தால்கூட அதில் இருக்கும் மொத்த நீர் 0.15 கிராம்தான். மூன்று சொட்டு. அந்த வண்டி ஓசூர் தாண்டி நள்ளிரவுக் குளிரில் 10 டிகிரிக்குப் போனால், அதில் இரண்டு சொட்டுதான் லென்ஸில் படியும். இரண்டு சொட்டு நீர் புகையாகப் படர்ந்தால் லென்ஸ் முழுக்க வெளுத்துப்போகப் போதும். ஆனால் ஒருபோதும் அது ஓடையாக வழியாது, அடியில் தேங்காது. ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளே ஆடுகிறது என்றால், அது காற்றிலிருந்து வந்ததல்ல.

இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். இன்றைய லென்ஸ் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் குடித்துவைத்துக்கொள்ளும். சாதாரண நாளிலேயே தன் எடையில் சுமார் 0.15 சதவீதம். லென்ஸ் அரைக் கிலோ என்றால் முக்கால் கிராம் நீர் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறது, காற்றில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. சூடேறும்போது இதில் ஒரு பகுதி ஆவியாகி உள்ளே வரும். அதனால்தான் ஒழுகலே இல்லாத புத்தம் புது ஹெட்லைட்டிலும் சில நாள் பனி படருகிறது. வாகனத்தோடு தரும் கையேடுகள் பலவற்றில் மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ லேசாகப் பனி படர்வது கோளாறல்ல என்று அச்சிட்டிருப்பார்கள். கம்பெனி தப்பித்துக்கொள்ளச் சொல்வதாக ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் கம்பெனி சொல்வது சரி.

அடையாளம் இப்படிப் பார்க்கலாம். லென்ஸின் ஒரு மூலையிலோ கீழ்ப்பாதியிலோ மெல்லிய புகைப்படலம். இரண்டு பக்க ஹெட்லைட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. டிம்மைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பல்புக்கு நேரே முதலில் தெளிந்து பிறகு ஓரமெல்லாம் கலைந்துபோகிறது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள். சொட்டுச் சொட்டாகத் திரண்டு கோடிட்டு வழிந்திருந்தால், அடியில் தண்ணீர் நின்றால், ஒரு பகல் வெயிலுக்குப் பிறகும் மறையாவிட்டால் ஒழுகல். இவை எல்லாவற்றையும்விட நம்பகமான துப்பு ஒன்று உண்டு: ஒரு பக்கம் மட்டும் இருப்பது. இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் ஒரே மழை, ஒரே குளிர், ஒரே சாலை. ஒன்று தெளிவாகவும் மற்றது குளமாகவும் இருந்தால் வானிலையைக் குற்றம் சொல்ல முடியாது.

வேறொன்றும் உண்டு, அதை ஈரம் என்று நினைத்து ஏமாறுவார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்ட பாலிகார்பனேட்டின் வெளிப்பூச்சு அரித்துப் பழுப்பேறிப்போகும். தள்ளி நின்று பார்த்தால் உள்ளே புகை படர்ந்தது போலவே இருக்கும். ஈரத்துணியால் வெளியே துடைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் திரும்ப மங்கினால் அது வெளிப்பக்கத்துச் சங்கதி. பாலிஷ் போடுகிறவரிடம் போக வேண்டும்.

எல்.இ.டி. கொண்டுவந்த சிக்கல்

ஹாலஜன் விளக்கு மின்சாரத்தை வீணடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வீணான சூடுதான் இத்தனை காலமும் லென்ஸை உலர்த்திக்கொண்டிருந்தது. வெளிச்சத்தோடு சேர்ந்து வெப்பக் கதிரும் முன்னால் போய் லென்ஸைச் சூடாக்கும். எல்.இ.டி.யில் சூடு முன்பக்கம் வராது. சில்லுக்குப் பின்னால் இருக்கும் அலுமினியச் சிறகுகள் வழியே பின்னால் போகும். லென்ஸ் குளிர்ந்தே கிடக்கும். அதே அளவு ஈரம் ஹாலஜன் டூமில் சீக்கிரம் மறைந்துவிட, எல்.இ.டி. டூமில் ராத்திரி முழுக்க நிற்கும். எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் புது லாரி வாங்கியவர்கள் "பழைய வண்டியில இப்படி இல்லையே" என்று சொல்வது பிரமை அல்ல. அதில் பனிப்படலம் கலைய எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அனுமதிக்க வேண்டும்.

கம்பெனி எல்.இ.டி. அல்லாமல், ஹாலஜன் டூமுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பை மாட்டுவது தனிக் கதை. அந்தப் பல்பின் பின்னால் மின்விசிறியும் சிறகுகளும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்மூடி மூடாது. ஆகவே மூடியையே கழற்றி எறிவார்கள், அல்லது பின்பக்க ரப்பர் உறையான பூட்டைக் கத்தரியால் வெட்டி இடம் பண்ணுவார்கள். மழைக்காலத்தில் "திடீர்னு தண்ணி ஏறுது" என்று வரும் டூமைத் திருப்பிப் பார்த்தால் கத்தரி வெட்டுதான் முதலில் கண்ணில் படும். ஹாலஜனுக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டரில் அந்தப் பல்பின் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைப்பது இன்னொரு பக்கம். மாட்டாமல் இருப்பது உத்தமம் என்பேன். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த நீளத்துக்கு ஏற்ற உயரமான ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள்.

தண்ணீர் எங்கே நுழைகிறது

ஒழுகல்தான் என்று முடிவானால் பெரும்பாலோர் முதலில் லென்ஸின் சுற்றுவிளிம்பைச் சந்தேகிக்கிறார்கள். நான் பின்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். சாலையில் பல்பு மாற்றும்போது கை படுவது பின்பக்கத்தில்தான். அவசரத்தில் மூடியைக் கோணலாகத் திருகியிருப்பார்கள். ரப்பர் பூட்டின் உதடு ஒரு பக்கம் மடிந்து உட்கார்ந்திருக்கும். பழைய ரப்பர் எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கும். இருபக்கமும் இழுத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். ஒயர் நுழையும் இடத்து ரப்பர் வளையம் நழுவியிருக்கலாம். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஸ்குரூவின் அடியில் இருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருக்கலாம். இவையெல்லாம் சில்லறைச் செலவில் முடிகிற வேலை.

அடுத்து பம்பர். முகப்பு லேசாக எதிலோ இடித்த வண்டியில் லென்ஸ் உடையாமல் தப்பித்திருக்கும். ஆனால் டூமைப் பிடித்திருக்கும் காது ஒன்று முறிந்திருக்கும். அதன்பின் குண்டும் குழியுமான சாலையில் டூம் ஆடிக்கொண்டே இருக்க, லென்ஸும் கூடும் சேரும் பசைவரி ஓரிடத்தில் விட்டுப்போகும். காதை ஒட்டவைக்காமல் பசைவரியை மட்டும் அடைத்தால் அது நிற்காது. கல் தெறித்த நட்சத்திர விரிசலை விரல் நகத்தால் தடவினாலே உணரலாம்.

கண்ணுக்கு எதுவும் அகப்படாவிட்டால் டூமைக் கழற்றி பஞ்சர் கடை வழியில் சோதிக்கலாம். முதலில் உள்ளே நன்றாக உலர்த்துங்கள். பின்மூடியைப் பூட்டி, காற்றுவழிகளில் ஒன்றைத் தவிர மற்றதை டேப்பால் தற்காலிகமாக மூடுங்கள். மிச்சமிருக்கும் வழியில் மெல்லிய ரப்பர் குழாய் சொருகி, மூட்டுகள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு வாயால் மெதுவாக ஊதுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கம்ப்ரஸர் காற்றைப் பிடிக்க வேண்டாம். நல்ல பசைவரியையும் அது பிரித்துவிடும். சோதித்து முடிந்ததும் டேப்பை எடுத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உலர்த்துவதில் பொறுமை வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பின்மூடியைத் திறந்துவைத்து, டிம்மை அரை மணி நேரம் எரியவிட்டாலே ஹாலஜன் டூமில் படலம் கலைந்துவிடும். தண்ணீர் தேங்கியிருந்தால் டூமைக் கழற்றிக் கவிழ்த்து வடியவிட்டு, பல்பை எடுத்துவிட்டு, திறந்த பக்கம் கீழே இருக்குமாறு வெயிலில் சாய்த்துவைக்க வேண்டும். முடி உலர்த்தும் டிரையரைத் தள்ளிப் பிடித்து மிதமான சூட்டில் ஊதலாம். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் 300 டிகிரிக்கு மேலும் சூடு தரும். பாலிகார்பனேட் 145 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால் அது வேண்டாம். பஞ்சர் கடையில் "ரெண்டு நிமிஷம் காத்து அடிச்சு விடுங்க" என்று கேட்பதும் தப்பு. கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். காற்றோடு அதுவும் துளி எண்ணெயும் சேர்ந்து ரிஃப்ளெக்டரில் தெறிக்கும்.

ரிஃப்ளெக்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பளபளப்பு, பிளாஸ்டிக்கின் மேல் வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியம். ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய படலம். அதைத் துணி சுற்றிய கம்பியால் துடைத்தால் ஈரத்தோடு பளபளப்பும் போய்விடும். அதற்கப்புறம் எத்தனை வாட் பல்பு போட்டாலும் வெளிச்சம் மஞ்சளாகத்தான் விழும். தானாக உலரட்டும், கை வைக்க வேண்டாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியையும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி பல்பின் ஆயுள் குறையும்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவிட்டால் உறிஞ்சிவிடாதா என்று கேட்பார்கள். உறிஞ்சும், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. ஐந்து கிராம் பொட்டலம் ஒன்றரைக் கிராம் நீர் குடித்ததும் நிறைந்துவிடும். காற்று போய்வரும் டூமில் அது சில நாளில் நிறையும். அதன்பின் விளக்குச் சூட்டில் குடித்ததையே திரும்பக் கக்கும். டூம் கழற்றிய நிலையில் ஓர் இரவு வைத்து எடுப்பதற்கு நல்லது. உள்ளேயே விட்டுவைத்தால் ஆடி ஆடிப் பல்பின் மேல் போய் விழும்.

அடைக்கும்போது எதால் அடைக்கிறோம் என்பது முக்கியம். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கானில் பெரும்பாலானது இறுகும்போது வினிகர் வாடை வீசும். அது அசிட்டிக் அமிலம். மூடிய டூமுக்குள் அந்த ஆவி சுற்றினால் அலுமினியப் படலம் கறுத்து அரித்துப்போகும். வாடை இல்லாத நியூட்ரல் வகை சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்; இறுக ஒருநாள் கொடுத்து, அதுவரை பின்மூடியைத் திறந்தே வையுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசைகளை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அவற்றின் ஆவி லென்ஸின் உள்பக்கம் வெள்ளைப் பூவாகப் படியும். அதைத் துடைக்கக் கை நுழையாது. பின்கூடு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்பதால் எம்-சீல் அதில் சரியாகப் பிடிக்காது. வைத்த அன்று கல்லாக இருந்து, அதிர்வில் ஒரு வாரத்தில் முழுசாக உரிந்து வரும். முறிந்த காதுக்கு பம்பர் ஒட்டுகிறவர்கள் செய்யும் பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி.

பசைவரியே நீளமாக விட்டுப்போயிருந்தால் லென்ஸைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். உள்ளே கறுப்பாக இழுபடும் பியூட்டைல் பசை இருந்தால் சீரான சூட்டில் இளகிப் பிரியும். பழையதை எடுத்துவிட்டுப் புதுச் சுருள் வைத்து அழுத்தலாம். கெட்டியாக இறுகிய வகைப் பசை என்றால் சூட்டுக்கு அசையாது, நெம்பினால் லென்ஸ் விளிம்பு தெறிக்கும். அந்த மாதிரி டூமோடு மல்லுக்கட்டும் கூலிக்கு வேறு டூம் வாங்கிவிடலாம்.

அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்துவிடும் வைத்தியமும் சாலையோரங்களில் நடக்கிறது. தண்ணீர் வடியும், சரிதான். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீருக்கும் அதே ஓட்டைதான் வாசல். தூசி உள்ளே போய் ரிஃப்ளெக்டரில் அப்பிக்கொள்ளும், வெளிச்சத்துக்கு வரும் பூச்சி அங்கேயே செத்துக் கிடக்கும். ஊர் போய்ச் சேரும்வரை வேறு வழியே இல்லை என்றால் போடுங்கள்; சேர்ந்ததும் அடைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? மெல்லிய படலத்தால் பெரிய கேடில்லை, கொஞ்ச நேரம் வெளிச்சம் மங்கும். சொட்டுகள் அப்படியல்ல. ஒவ்வொரு சொட்டும் ஒளியைத் தன் போக்கில் வளைத்துச் சிதறடிக்கும். டிம் போட்டாலும் எதிரே வருகிற லாரிக்காரர் பிரைட் என்று நினைத்துத் திருப்பிப் பிரைட் அடிப்பார். தேங்கிய நீர் ஹோல்டரை எட்டினால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய முனை மின்சாரத்தைத் தடுத்துச் சூடாகும். பிறகு ஹோல்டர் உருகி ஒயரோடு ஒட்டிக்கொள்ளும். தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் வண்டிகளில் இது இன்னும் வேகமாக நடக்கும், உள்ளே போவது வெறும் தண்ணீர் அல்ல என்பதால். களிம்பு ஏறிய ஹோல்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுவது மேல். எஃப்.சி.க்கு வண்டி போகும்போதும் ஹெட்லைட் பார்க்கப்படும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம்.

பழைய வண்டிகளில் இந்தப் பாடு இல்லையே என்று கேட்டால், ஒரு விதத்தில் உண்மைதான். அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை சட்டப்படி எல்லா வண்டிக்கும் சீல்டு பீம்தான். கண்ணாடி லென்ஸையும் கண்ணாடி ரிஃப்ளெக்டரையும் ஒன்றாக உருக்கிச் சேர்த்த விளக்கு. ஈரம் புக இடமே கிடையாது, கெட்டால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டும். நம் ஊர்ப் பழைய லாரிகளின் ஏழு அங்குல வட்ட விளக்குகளில் தண்ணீர் போனாலும், வளையத்தைக் கழற்றி அங்கேயே சரிசெய்துவிடலாம். இன்றைய டூம் முகப்பின் வடிவத்துக்கேற்ப வளைந்த, பசையால் மூடிய பெட்டி. பார்க்க அழகு. பழுதுபார்க்க அப்படி இல்லை.

வேறு டூம் வாங்குவது என்று முடிவானால், சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றி விற்கும் கம்பெனி டூமும் கிடைக்கும், அதே அச்சில் வார்த்த மலிவுப் புது டூமும் கிடைக்கும். புதிது என்பதற்காக மட்டும் மலிவானதை எடுக்க வேண்டாம். கையில் வாங்கித் திருப்பி, காற்றுவழி ரப்பரோ சவ்வோ அதன் இடத்தில் இருக்கிறதா, பசைவரி விட்டுப்போகாமல் சுற்றி வருகிறதா, பின்மூடி திருகும்போது ரப்பர் இறுகுகிறதா என்று பாருங்கள். பழைய டூமானால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ரிஃப்ளெக்டரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் கோடு விழுந்திருந்தால் அதைக் கழற்றி விற்றதே அதனால்தான். உங்கள் பழைய டூமைக் கடையில் கொடுத்துவிடுவதற்கு முன் அதன் ரப்பர் குழாயையும் பின்மூடியையும் கழற்றி டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் அவை எளிதில் கிடைப்பதில்லை.